ஒலியை அளக்கும் முறை: டெசிபெல் ஒரு விளக்கம்

திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால், வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கு வரும் மனுக்களில் ஒலிபெருக்கியைப் பற்றிய மனுக்கள் சில இருந்தே தீரும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் படிக்க இயலவில்லை என்று ஒரு தெருவார் எழுதுவர். நாங்கள் அளவோடுதான் வைத்திருக்கிறோம் என்று விழாக் குழுவினர் மறுமொழி எழுதுவர். இரு சாராரும் பொய் சொல்லவில்லை. ‘அளவு’ என்ற சொல்லை இருவருமே உபயோகித்தாலும், அளந்து பார்த்தவர் எவருமில்லை என்பதுதான் உண்மை.

நெல்லுக்கு எடை உண்டு. நிலத்திற்குச் சங்கிலி உண்டு. பாலின் தரத்திற்குக்கூடக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு கருவி உண்டு. அதுபோல் ஒலிக்கும் ஓர் அளவை உண்டு. அதன் பெயர் டெசிபெல். சட்ட விதிகளிலும், ஜெனரேட்டர் வாங்கும்போது தரும் சீட்டிலும், பட்டாசு பற்றிய உத்தரவுகளிலும், காது கேளாதோருக்கு வழங்கும் மருத்துவச் சான்றிலும் இந்தச் சொல் வருகிறது. ஊராட்சி மன்ற அங்கத்தினர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இவற்றைப் படித்தால், எண்கள் கண்ணில் படுமே அன்றி அவற்றின் பொருள் விளங்காது. இதற்குப் பெரிய கணிதப் புலமை வேண்டியதில்லை. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று ஸ்தானம் எண்ணத் தெரிந்தால் போதுமானது.

காற்றுக்கடலில் ஒரு சிற்றலை

நாம் அனைவரும் காற்று என்னும் கடலின் அடியில் வாழ்கிறோம். நம்மீது அந்தக் காற்று எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அழுத்தத்தை அளக்கும் அலகுக்குப் பாஸ்கல் என்று பெயர். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 1,01,325 பாஸ்கல். இது எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதால் நாம் அதை உணர்வதில்லை. பறையின் தோல் அதிரும்போதோ, ஒலிபெருக்கியின் சவ்வு முன்னும் பின்னும் அசையும்போதோ, அதை ஒட்டிய காற்று நெருங்கியும் விலகியும் இயங்குகிறது. அழுத்தம் சற்றே கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் பரவி நம் செவிப்பறையை வந்து அசைக்கிறது. இதுவே ஒலி. கூடிக் குறையும் அந்தச் சிறு பகுதிக்கு ஒலி அழுத்தம் என்று பெயர்.

அது எவ்வளவு சிறியது என்பதை ஓர் உவமையால் உணரலாம். 5 மீட்டர் ஆழமுள்ள ஓர் ஏரியை நினைத்துக்கொள்வோம். காற்றின் முழு அழுத்தமும் அந்த 5 மீட்டர் நீருக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், எதிரே நின்று சாதாரணமாகப் பேசுபவரின் குரல் அந்த ஏரியின் மேல் எழும் ஓர் அலை. அதன் உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காது வலிக்கத் தொடங்கும் அளவுக்குக் கடுமையான ஒலிகூட, அந்த ஏரியில் ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள அலைதான். நல்ல செவியுள்ள ஓர் இளைஞர் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியோ, பேச்சினால் எழும் அலையிலும் ஆயிரத்தில் ஒரு பங்கே. அந்நிலையில் காற்றின் துகள்கள் அசையும் தூரம் ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. இத்தனை நுட்பமான ஓர் உறுப்பை இயற்கை நமக்குத் தந்திருக்கிறது.

ஸ்தானங்களை எண்ணும் அளவை

கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அழுத்தம், ஒரு பாஸ்கலைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் 20 பங்கு என்று விஞ்ஞானிகள் வரையறுத்துள்ளனர். காது கூசும் ஒலியின் அழுத்தம் 20 பாஸ்கல். முன்னதைவிடப் பின்னது பத்து லட்சம் மடங்கு. ஒலி சுமந்துவரும் சக்தியைக் கணக்கிட்டால், அழுத்தத்தின் இருமடிப் பெருக்கமாக, அது லட்சம் கோடி மடங்கு. ஒன்றில் தொடங்கி லட்சம் கோடி வரை செல்லும் எண்களை ஒரு தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது எப்படி?

இதற்கு வழி, எண்ணை எழுதாமல் அதிலுள்ள பூஜ்யங்களை மட்டும் எழுதுவது. பத்துக்கு ஒரு பூஜ்யம், நூறுக்கு இரண்டு, ஆயிரத்துக்கு மூன்று, லட்சம் கோடிக்குப் பன்னிரண்டு. இந்தப் பூஜ்யம் ஒவ்வொன்றும் ஒரு ‘பெல்’. ஒரு பெல் என்பது பெரிய அலகாக இருந்ததால் அதைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் டெசிபெல் என்றனர். ‘டெசி’ என்றால் பத்தில் ஒன்று. இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டில் வரும் ‘டெசிலிட்டர்’ என்ற சொல்லிலும் இதே ‘டெசி’தான் உள்ளது. ஆகவே மிக மெல்லிய ஒலி 0 டெசிபெல். அதைவிட லட்சம் கோடி மடங்கு சக்தியுள்ள ஒலி 120 டெசிபெல். 0 டெசிபெல் என்றால் ஒலியே இல்லை என்பது பொருளன்று. கேட்கும் எல்லையின் தொடக்கம் என்பதே பொருள்.

இந்த அளவை முதலில் ஒலிக்காக உண்டானதன்று. 1920களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்துப் பொறியாளர்கள், கம்பி வழியே செல்லும் பேச்சு தூரம் செல்லச் செல்ல எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட வேண்டியிருந்தது. அதற்கு முன் ‘இத்தனை மைல் கம்பி அளவு தேய்வு’ என்று குறித்து வந்தனர். 1924ல் இதற்கொரு புதிய அலகை வகுத்தனர். 1928ல் அதற்கு டெசிபெல் என்று பெயரிட்டனர். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக இப்பெயர் அமைந்தது. பின்னர் ஒலியை அளப்போரும் இதை எடுத்துக்கொண்டனர்.

நம் ஊர் ஒலிகளை இவ்வளவையில் வைத்துப் பார்த்தால் உத்தேசமாக இப்படி அமையும். நடுநிசியில் அமைதியான கிராமத்தில் 30 முதல் 40 டெசிபெல். ஒரு மீட்டர் தூரத்தில் பேசுபவரின் குரல் 60. லாரிகள் ஓயாது செல்லும் நெடுஞ்சாலை ஓரம் 80. மூடிய அறையில்லாத டிராக்டரில் பளுவோடு உழும்போது ஓட்டுநரின் காதருகே 90ஐ ஒட்டியோ அதற்கு மேலோ. விழாப் பந்தலில் பெரிய ஒலிபெருக்கியின் முன்னால் 100ம் அதற்கு மேலும். வெடிக்கும் பட்டாசின் அருகே கணநேரத்தில் 140ஐயும் தாண்டும்.

டெசிபெல்லைக் கூட்டும் கணக்கு

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுவர். 70 டெசிபெல் ஒலி தரும் மோட்டார் ஒன்று ஓடுகிறது. அதன் அருகே அதே போன்ற இன்னொன்றை ஓட்டினால் 140 ஆகுமா? ஆகாது. 73 ஆகும். ஏனெனில் நாம் கூட்டுவது பூஜ்யங்களை அன்று, சக்தியை. சக்தி இரு மடங்கானால் டெசிபெல்லில் 3 கூடும். பத்து மடங்கானால் 10 கூடும். நூறு மடங்கானால் 20 கூடும். இந்த மூன்று வரிகளை மனப்பாடம் செய்துகொண்டால் ஊராட்சிக்கு வேண்டிய கணக்குகளில் பெரும்பகுதி முடிந்தது.

கழிப்பதும் அவ்வாறே. கோவிலைச் சுற்றி எட்டு ஒலிபெருக்கிகள் கட்டியிருக்கின்றனர். ஊரார் முறையிட்டதன்பேரில் நான்கை அவிழ்த்துவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். சத்தம் பாதியாகிவிட்டது என்று குழுவினர் நினைப்பர். ஆனால் குறைந்தது 3 டெசிபெல் மட்டுமே. தெருவில் இருப்பவர் காதுக்கு அது சிறிதளவே தெரியும். அவர்கள் மீண்டும் மனு எழுதுவர்; ‘பாதியைக் குறைத்தும் திருப்தியில்லையே’ என்று குழுவினர் கோபிப்பர். இவ்வகைச் சச்சரவுகளில் பாதிக்குக் காரணம் துவேஷமன்று, கணக்குத் தெரியாமையே என்பது என் கருத்து.

இன்னொரு சந்தர்ப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நெல் அரைவை ஆலையில் டீசல் எஞ்சின் 90 டெசிபெலும், அரைக்கும் இயந்திரம் 80 டெசிபெலும் தருகின்றன. இரண்டும் சேர்ந்தால் 90க்குச் சற்றே, அரை டெசிபெலுக்கும் குறைவாக, மிகும். அரைக்கும் இயந்திரத்தை முற்றிலும் நிறுத்தினாலும் அடுத்த வீட்டாருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எஞ்சினின் புகைக்குழாய்க்கு நல்ல சைலன்சர் பொருத்தி, அதைத் தனி அறையில் அடைத்து, 80க்குக் கொண்டுவந்தால் மொத்தம் 83 ஆகிவிடும். எனவே பல ஒலிகள் கலந்த இடத்தில் பெரிய ஒலி எதுவென்று கண்டு அதைத்தான் முதலில் பிடிக்கவேண்டும். மற்றவற்றில் செலவிடும் பணம் வீண்.

தூரம், சுவர், மரம், இரவு

திறந்த வெளியில் ஒலி பரவும்போது தூரம் இரு மடங்காகுந்தோறும் 6 டெசிபெல் குறையும். ஒலிபெருக்கியிலிருந்து 10 மீட்டரில் 95 டெசிபெல் இருந்தால், 20 மீட்டரில் 89. 40 மீட்டரில் 83. 80 மீட்டரில் 77. 160 மீட்டரில் 71. முதல் 10 மீட்டர் விலகினால் 6 குறைகிறது. கடைசி 6 குறைவதற்கு 80 மீட்டர் தேவைப்படுகிறது. ஆகையால் ‘ஆரம்ப சுகாதார நிலையம் நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கிறதே’ என்று சமாதானம் கூறுவதில் பொருளில்லை. 71 டெசிபெல் என்பது படுக்கையில் இருக்கும் நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் நின்று உரத்துப் பேசுவதற்கு ஒப்பாகும். இரு மருங்கும் சுவர்கள் நெருங்கிய தெருவிலோ, ஒலி மோதி மோதித் திரும்புவதால் இந்த அளவுகூடக் குறைவதில்லை.

ஒலி பிறக்கும் இடமும் கேட்பவரும் ஒருவரையொருவர் காணமுடியாதபடி மறைக்கும் சுவர் ஒன்று எழுப்பினால், அந்த மறைப்பினால் மட்டும் சுமார் 5 டெசிபெல் குறையும். சுவர் உயர உயர இன்னும் சற்றுக் குறையும். சுவரில் இடைவெளியோ, வாயிலோ இருந்தால் பயன் போய்விடும். மரவரிசை நட்டால் ஒலி தடைப்படும் என்று பலரும் நம்புகின்றனர். ஒன்றிரண்டு வரிசை மரங்களால் அளந்தறியத்தக்க பயன் இல்லை. ஏறக்குறைய 30 மீட்டர் அகலத்திற்கு, தரையிலிருந்தே அடர்ந்த தோப்பு இருந்தால்தான் 5 டெசிபெல் அளவுக்குக் குறையும். மரம் நடுவதற்கு எதிராக நான் எழுதுவதாக எவரும் கொள்ள வேண்டாம். நிழலுக்காகவும் காய்கனிக்காகவும் மரம் நடுவோம், சத்தத்திற்குச் சுவர் எழுப்புவோம் என்பதே நான் கூற வந்தது.

பக்கத்து ஊர்க் கூத்தின் பாட்டு பகலில் கேட்பதில்லை, நள்ளிரவில் மட்டும் தெளிவாகக் கேட்கிறது என்பதை யாவரும் அறிவர். ஊர் அடங்கிவிடுவது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேற்காற்று குளிர்ச்சியாகவும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். மேகமற்ற, காற்றடிக்காத இரவில் தரை குளிர்ந்து நிலைமை தலைகீழாகிறது. மேலே செல்லவேண்டிய ஒலி தரை நோக்கி வளைந்து வயல்களைக் கடந்து வந்து சேருகிறது. பகலில் சரியாக இருந்த அதே திருகு, இரவில் சரியாக இராது.

காது கேட்பதும் கருவி காட்டுவதும்

ஒலி அழுத்தம் வேறு, உரப்பு வேறு. முன்னது காற்றில் உள்ளது. பின்னது நம் உணர்வில் உள்ளது. ஒலி 10 டெசிபெல் கூடினால் சக்தி பத்து மடங்காகிறது என்று கண்டோம். ஆனால் கேட்பவரிடம் வினவினால், ‘ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம்’ என்றே கூறுவார். இதிலிருந்து ஒரு லாபகரமான முடிவு கிடைக்கிறது. பெருக்கியின் சக்தியை 100 வாட்டிலிருந்து 10 வாட்டாகக் குறைத்தால், செவிக்குச் சத்தம் பாதியாகத்தான் தோன்றும். மறுபக்கம், இரு மடங்கு சத்தம் வேண்டுமென்று ஆசைப்படும் குழு, பத்து மடங்கு சக்தியுள்ள சாதனங்களுக்கு வாடகை தரவேண்டும். கோவில் முன்பு மலைபோல் பெட்டிகளை அடுக்குவதைவிட, தெரு நெடுகச் சிறு ஒலிபெருக்கிகளை இடைவெளி விட்டு, மெல்லிய ஒலியில் வைப்பது செலவிலும் சிக்கனம். சொற்களும் தெளிவாகக் கேட்கும். நாதசுரமும் தவிலும் திறந்த வெளிக்கென்றே அமைந்தவை. அவற்றின் முன்னும் ஒலிவாங்கி வைப்பதன் அவசியம் எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

நம் செவி எல்லாச் சுருதிகளையும் ஒரே விதமாகக் கேட்பதில்லை. விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை மனிதச் செவிக்குக் கேட்கும். விநாடிக்கு ஓர் அதிர்வை ஒரு ஹெர்ட்ஸ் என்பர். குழந்தையின் அழுகையும், பேச்சில் சொற்களைத் தெளிவாக்கும் ஒலிகளும் அடங்கிய இரண்டாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில் செவி மிகக் கூர்மையானது. கனத்த தாழ்ந்த ஒலிகளில் மந்தமானது. இதை 1933ல் பிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அளந்து வரைபடமாக வெளியிட்டனர். ஆயிரம் ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் ஒலி எவ்வளவு உரப்பாகத் தோன்றுகிறதோ, அவ்வளவு உரப்பாகத் தோன்ற 100 ஹெர்ட்ஸில் 60 டெசிபெலுக்கு மேல் தேவை. உரப்பைக் குறிக்க ‘போன்’, ‘சோன்’ என்ற தனி அலகுகளும் உள்ளன. ஆயிரம் ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் ஒலியின் உரப்பு 40 போன்; அதுவே 1 சோன். 50 போன் 2 சோன். 60 போன் 4 சோன். ஊராட்சிக் காரியங்களுக்கு இவை தேவைப்படா.

தேவைப்படுவது ‘ஏ’ திருத்தம் எனப்படுவது. ஒலி அளவியில் உள்ள ஒரு வடிகட்டி, செவியைப் போலவே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து மதிப்பிடுகிறது. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெலும், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெலும் கழித்துவிடுகிறது. இப்படித் திருத்தி எழுதும் எண்ணை டெசிபெல்-ஏ என்பர். சட்டத்தில் வரும் எண்கள் பெரும்பாலும் இவைதாம். இதில் ஒரு குறையும் உண்டு. இக்காலத்து விழாக்களில் வைக்கும் ‘பாஸ்’ பெட்டிகள் நெஞ்சு அதிர, ஜன்னல் கதவு நடுங்க முழங்கும்போதும் டெசிபெல்-ஏ மிக அதிகமாகக் காட்டுவதில்லை. அவ்விடங்களில் ‘சி’ திருத்தம் என்ற மற்றொரு நிலையிலும் அளந்து இரண்டையும் குறித்துக்கொள்வது நலம். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், தொல்லை தருவது தாழ்ந்த ஒலியே என்று அறியலாம்.

அளக்கும் விதம்

ஒலி அளவி என்பது ஒரு நுண்ணிய ஒலிவாங்கியும், மின்கணக்குப் பகுதியும் சேர்ந்த கைக்கருவி. அளக்கத் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் அதைச் சோதிக்கவேண்டும். அதற்கென்று ஒரு சிறு குழாய் உண்டு; அது ஆயிரம் ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபெல் ஒலியை, அதாவது ஒரு பாஸ்கல் அழுத்தத்தைத் தரும். கருவி 94 காட்டினால் நம்பலாம். தராசைப் படிக்கல்லால் சோதிப்பதற்கு ஒப்பானது இது.

கருவியைத் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவர்களிலிருந்து மூன்றரை மீட்டராவது தள்ளி வைக்கவேண்டும். ஒலிவாங்கியின் மேல் பஞ்சு உறை இல்லாவிட்டால் காற்றின் வீச்சே ஒலியாகப் பதிவாகும். ஒரு கணத்து எண்ணை எழுதிக்கொண்டு வந்துவிடுவது தவறு. ஒலி ஏறி இறங்குவதால், குறிப்பிட்ட நேரத்தின் சக்திச் சராசரியைக் கருவியே கணக்கிட்டுத் தரும். அதற்குச் சமநிலை மட்டம் என்று பெயர். ஒரு மணி நேரத்தில் 6 நிமிஷம் மட்டும் 80 டெசிபெல் ஒலித்து, மீதி நேரம் ஊர் அமைதியாக இருந்தால், சராசரி 70 ஆகும். நேரம் பத்தில் ஒன்றானதால் 10 குறைந்தது. ஒலிபெருக்கியை நிறுத்திய பின் ஊரின் இயல்பான ஒலியையும் அளந்து எழுதவேண்டும். அது இல்லாமல் முதல் எண்ணுக்குப் பயனில்லை; காரணம் கீழே வரும்.

கைப்பேசியில் டெசிபெல் காட்டும் செயலிகள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்கென அமைந்ததாதலால் பெருத்த ஒலியைச் சரியாகக் காட்டாது. கைப்பேசிக்குக் கைப்பேசி எண்ணும் மாறும். ஒரே கைப்பேசியால் முன்னும் பின்னும் அளந்து, குறைந்ததா கூடியதா என்று ஒப்பிட அது உதவும். சாட்சியமாகக் கொள்ள உதவாது.

விதிகள் கூறுவது

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு 2000ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகளை வகுத்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்-ஏ. கடைவீதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் 50, 40 என்பவை எல்லைகள். பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்.

ஒலிபெருக்கி வைக்க, உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டும். ஊராட்சி மன்றத் தீர்மானம் அதற்கு ஈடாகாது. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை, மூடிய மண்டபத்துக்குள்ளும், பொது அவசரத்தின்போதும் அன்றி ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்களிக்கலாம்.

எல்லாராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விதி ஒன்று உண்டு. பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் ஒலி 75 டெசிபெல்-ஏ வரை இருக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். விதி கூறுவது வேறு. அவ்விடத்து ஒலி எல்லைக்கு மேல் 10 டெசிபெல்-ஏ, அல்லது 75 டெசிபெல்-ஏ, இவற்றில் எது குறைவோ அதுவே உச்சம். குடியிருப்புத் தெருவில் பகல் எல்லை 55. பத்தைக் கூட்டினால் 65. அங்கே அனுமதி 65 வரைதான், 75 அன்று. 75க்கும் 65க்கும் இடையே சக்தியில் பத்து மடங்கு வித்தியாசம் இருப்பதை நாம் கண்டோம். நிர்ணயிக்கப்பட்ட மட்டத்தை 10 டெசிபெல்-ஏயோ, மேலோ தாண்டினாலும், இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினாலும், எவரும் உரிய அதிகாரியிடம் முறையிடலாம்.

ஊராட்சி ஜெனரேட்டர் வாங்கும்போது, அதன் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபெல்-ஏக்கு மேற்படாது என்ற சான்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் உச்ச ஒலி 145 டெசிபெல்-சியைத் தாண்டும் பட்டாசுகளைச் செய்வதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன.

உழைப்பவர் செவி

திருவிழா சில நாட்களில் முடிந்துவிடும். நாள்தோறும் இயந்திரத்தருகே நிற்பவர் நிலை வேறு. செவியின் உட்புறத்தில் நத்தை ஓடு போன்ற உறுப்பில் சுமார் பதினையாயிரம் நுண்மயிர் அணுக்கள் உள்ளன. ஒலியை மூளைக்குரிய செய்தியாக மாற்றுவன இவையே. மிகுந்த ஒலியால் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மருந்தும் இல்லை.

85 டெசிபெல்-ஏ ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திற்கு மேல் இருக்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிலையத்தின் பரிந்துரை. ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகக் குறையவேண்டும். சக்தி இரட்டிப்பதால் இந்தக் கணக்கு. 88ல் 4 மணி. 91ல் 2 மணி. 94ல் ஒரு மணி. 100ல் கால் மணி நேரம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்திற்கு 90 என்று சற்றுத் தாராளமாக வைத்துள்ளன. கதிரடிக்கும் இயந்திரத்தின் பக்கத்திலும், அரைவை ஆலையிலும், டிராக்டரின் மேலும் அறுவடைக் காலத்தில் பத்து மணி நேரம் உழைப்போரின் செவியை எந்த விதியும் வந்து காப்பதில்லை; அவர்கள் பணியிடம் தொழிற்சாலைக் கணக்கில் சேருவதே அரிது.

கேடு நாலாயிரம் ஹெர்ட்ஸ் அருகே தொடங்குகிறது. ஆகையால் தொடக்கத்தில் நோயாளிக்கே தெரியாது. மாட்டின் மணியும் எஞ்சினும் நன்றாகக் கேட்கும். ‘ச’, ‘ஸ’ போன்ற கூரிய ஒலிகள் மட்டும் விட்டுப்போகும். பேரக்குழந்தை சொல்வது காதில் விழும். என்ன சொன்னது என்பது விளங்காது. கிராம சபைக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து, பேசுபவர் உதட்டையே நோக்கியவண்ணம், எல்லாவற்றிற்கும் தலையசைக்கும் பெரியவர்களைக் கவனித்திருப்பீர்கள். அவர் முன்பு எத்தொழில் செய்தார் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். முதுமை ஒரு காரணமே. அது மட்டுமே காரணமாக இருப்பதில்லை.

அடுத்தவரோடு ஒரு மீட்டர் தூரத்தில் நின்று பேசக் குரலை உயர்த்தவேண்டியிருந்தால், அவ்விடத்தில் 85 இருக்கலாம் என்று கொள்ளலாம். வேலை முடிந்தபின் காதில் இரைச்சல் கேட்டாலும் அது எச்சரிக்கையே. சாதாரணப் பஞ்சை அடைத்துக்கொள்வதால் பயன் மிகக் குறைவு. மருந்துக் கடைகளில் கிடைக்கும் நுரைக் காதடைப்பானை உருட்டிச் செருகி விரியவிட்டால் 15, 20 டெசிபெல் குறையும். 95 டெசிபெலில் நிற்பவர் அதனால் 80 அளவுக்கு வந்துவிடுவார். சக்தியில் முப்பதில் ஒரு பங்கு. விலையோ ஒரு தேநீரின் விலைக்குச் சற்றுக் கூடுதல். ஆளுக்கொரு காதடைப்பான் தருமாறு இயந்திர உரிமையாளர்களிடம் ஊராட்சித் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

செவிப் பரிசோதனையின் முடிவும் டெசிபெல்லிலேயே வருகிறது. அங்கே 0 என்பது ஆரோக்கியமான இளஞ்செவியின் கேள்திறன். ‘40 டெசிபெல் இழப்பு’ என்றால், மற்றவர் கேட்கும் மெல்லிய ஒலியைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி இருந்தால்தான் இவருக்குக் கேட்கும் என்று பொருள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சுக்குரிய அதிர்வெண்களில் இரு செவிகளிலும் 70 டெசிபெல் இழந்தவர் காது கேளாதவர். 60 முதல் 70 வரை இழந்தவர் செவித்திறன் குறைந்தவர். இயந்திர ஒலியால் மட்டும் செவி கெட்டவருக்குப் பேச்சுக்குரிய பகுதியில் இழப்பு பெரும்பாலும் 60ஐ எட்டுவதில்லை. ஆகவே அவருக்குச் சான்றும் கிடைப்பதில்லை. உதவித் தொகையும் கிடைப்பதில்லை. ஆனால் அவர் வீட்டில் நடக்கும் பேச்சில் பாதி அவருக்கு எட்டுவதில்லை. இப்படிப்பட்டோரை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பி, செவி வரைபடம் எடுத்து வைத்துக்கொள்ளச் செய்யலாம். இரண்டு ஆண்டு கழித்து மறுமுறை எடுக்கும்போது, கேடு நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த முதல் வரைபடம் வேண்டும்.